நடுக்கடலில் மறையும் ஜிபிஎஸ்: குற்றவாளி வானத்திலா, படகிலா?

கேள்வி: என்னிடம் 9 மீட்டர் ஃபைபர் படகு இருக்கிறது. கேபின் கூரையில் காளான் வடிவ ஜிபிஎஸ் ஆன்டெனா, உள்ளே கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் சார்ட்பிளாட்டர், அதோடு இணைந்து படகைத் தானாகச் செலுத்தும் ஆட்டோபைலட். கடந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், அலாரம் அடித்து ஜிபிஎஸ் போய்விட்டது. மூன்றுமே பொழுது சாயும் நேரம். முதல் இரண்டு தடவை அரை மணிக்குள் தானாகவே வந்துவிட்டது. மூன்றாம் தடவை துறைக்கு வந்து சேர்ந்து எல்லாவற்றையும் அணைக்கும்வரை வரவே இல்லை. ஆனால் அப்போது கையில் இருந்த போன் இடத்தைச் சரியாகக் காட்டியது. சூரியப் புயல் என்கிறார் ஒரு நண்பர். ராணுவம் சிக்னலை அடைக்கிறது என்கிறார் இன்னொருவர். கடைக்காரர் புது பிளாட்டர் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பி.கு.: படகைப் பற்றி வேறு குறை ஒன்றும் இல்லை. இந்த சீசனுக்கு முன்புதான் விளக்குகளை எல்லாம் எல்இடிக்கு மாற்றி, பின்பக்கம் ஒரு கேமராவும் பொருத்தினேன்.

பதில்: மூன்று பேர் சொல்வதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பின்குறிப்புதான். படகு மின்னணுக் கருவிகளோடு மாரடிக்கும் தொழிலில் இருக்கும் எவரும் இப்படிப்பட்ட புகாரைக் கேட்டால் முதலில் கேட்பது, “கடைசியாகப் படகில் என்ன புதிதாகச் சேர்த்தீர்கள்?” என்றுதான். நீங்கள் கேட்காமலே சொல்லிவிட்டீர்கள்.

ஜிபிஎஸ் சிக்னல் எவ்வளவு பலவீனமானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் சிக்னல் உங்கள் ஆன்டெனாவைத் தொடும்போது, ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிஞ்சுகிறது. கருவியின் சொந்த மின் இரைச்சலுக்கும் கீழே புதைந்து கிடப்பதைக் கணக்குப் போட்டுத்தான் ரிசீவர் வெளியே எடுக்கிறது. மற்றப் படகுகளோடு பேச நீங்கள் வைத்திருக்கும் விஹெச்எஃப் ரேடியோ அனுப்புவதோ 25 வாட். சந்தைக் கூச்சலுக்கு நடுவே எதிர்க்கரையில் ஒருவர் முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்பது போன்ற வேலை இது. பக்கத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தாலே போதும், வார்த்தை போய்விடும்.

அப்படிக் கனைக்கும் ஆள் பெரும்பாலும் நம் படகிலேயே இருப்பார். 2001-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மான்டெரே விரிகுடாவில் உள்ள மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். துறைமுகம் முழுக்க ஜிபிஎஸ் படுத்துவிட்டது. வெளியே கடலுக்குப் போனால் சரியாகிறது, உள்ளே வந்தால் போய்விடுகிறது. எல்லோரும் பெரிதாக ஏதோ நடப்பதாக நினைத்தார்கள். பொறியாளர்கள் திசை அறியும் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் தேடிக் கடைசியில் பிடித்தது, அங்கே கட்டியிருந்த படகுகளின் சாதாரண டிவி ஆன்டெனாக்களை. அவற்றுக்குள் இருந்த சிக்னல் பெருக்கிகள் தறிகெட்டு அதிர்ந்து, ஜிபிஎஸ் பயன்படுத்தும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே இரைச்சலைக் கக்கிக்கொண்டிருந்தன. ஒன்றை நிறுத்தியதும் தொல்லை தீர்ந்துவிடவில்லை, வேறொரு படகிலும் அதே கதை. இத்தகைய ஆன்டெனாவின் பெருக்கிக்குத் தனியாக மின்சாரம் போகும் என்பதால், டிவியை அணைத்திருந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். படகுக்காரருக்குச் சந்தேகமே வராது.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது எல்இடியைக்கூட அல்ல, கேமராவை. கேமரா என்பது ஒரு குட்டிக் கணினி. அதற்குள் ஓடும் அதிவேகச் சுற்றுகளும், படகின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் மலிவான சார்ஜரும் ஜிபிஎஸ்ஸுக்கு ஜென்ம விரோதிகள். காரில் டேஷ்கேம் மாட்டியபின் வழிகாட்டி தடுமாறுவதும் இதே காரணத்தால்தான். இரவிலும் பார்க்கக்கூடிய கேமரா என்றால் வெளிச்சம் குறைந்ததும் அதன் அகச்சிவப்பு விளக்குகள் தானாக எரியத் தொடங்கும், மின்சாரம் இழுப்பதும் கூடும். மூன்று தடவையும் பொழுது சாயும் நேரம் என்று எழுதியிருக்கிறீர்களே, கவனித்தீர்களா? அதே நேரத்தில்தான் புது எல்இடி நேவிகேஷன் விளக்குகளையும் போட்டிருப்பீர்கள். ஆக, பகலில் சும்மா இருந்துவிட்டு அந்தியில் விழித்துக்கொள்ளும் ஆசாமிகள் உங்கள் படகில் இரண்டு பேர்.

எல்இடி பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் ஓர் எச்சரிக்கையே விட்டது. சில எல்இடி விளக்குகளின் மின்சுற்று விஹெச்எஃப் ரேடியோவையும், படகுகள் தங்கள் இடத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியையும் கெடுக்கிறது என்பது அதன் சாரம். அதில் சொன்ன சோதனை எளிது, காசும் ஆகாது. விளக்குகளை அணைத்துவிட்டு, விஹெச்எஃப்பை யாரும் பேசாத சேனலில் வையுங்கள். ரேடியோவின் இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச் குமிழை, இரைச்சல் கேட்கும்வரை திருப்பி, பிறகு இரைச்சல் அடங்கும் இடத்தில் சரியாக நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். ரேடியோ மறுபடி இரையத் தொடங்கினால் அந்த விளக்கு குற்றவாளி. இது விஹெச்எஃப்புக்கான சோதனை, ஜிபிஎஸ் இருப்பது பத்து மடங்கு மேலே. ஆனாலும் விஹெச்எஃப்பில் இரையும் விளக்கு ஆன்டெனாவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறதென்றால் நான் அதை நம்ப மாட்டேன்.

ஜிபிஎஸ்ஸுக்கான நேரடிச் சோதனையைத் துறையில் கட்டிய நிலையிலேயே செய்யலாம். பிளாட்டரில் செயற்கைக்கோள்களைப் பட்டைகளாகக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. பிளாட்டரைத் தவிர மற்ற எல்லா பிரேக்கர்களையும் இறக்குங்கள். கால் மணி நேரம் விட்டுவிட்டு அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள். வானம் திறந்திருக்கும் இடத்தில் நல்ல பட்டைகள் 35-லிருந்து 50 வரை நிற்கும். இப்போது ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். கேமரா, முன்விளக்கு, பின்விளக்கு, கேபின் விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜர், கடைசியில் எஞ்சின். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். ஏதாவது ஒன்றைப் போட்டதும் பட்டைகள் எல்லாம் ஒருசேரச் சரிந்தால் ஆள் அகப்பட்டான். பகலில் செய்வதானால் கேமராவின் முகப்பைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், இருட்டு என்று நினைத்து அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொள்ளும்.

பட்டைகள் விழும் விதத்திலேயே நோய் தெரிந்துவிடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எல்லாம் ஒன்றாகச் சரிந்தால் இரைச்சல், அல்லது ஆன்டெனா, கேபிள் கோளாறு. வானத்தின் ஒரு பக்கத்துச் செயற்கைக்கோள்கள் மட்டும் மங்கினால் ரேடார் கம்பமோ வேறு ஏதாவது இரும்போ மறைக்கிறது. கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் நண்பரும் மறைப்பார், உடம்பில் இருப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. பட்டைகள் எல்லாம் கம்பீரமாக நிற்க, வரைபடத்தில் மட்டும் படகைக் காணோம் என்றால் சிக்னலில் குறையே இல்லை, கருவிகளை இணைக்கும் வயரிங்கில் கோளாறு. கருவிகளை என்எம்இஏ 2000 என்ற தரத்தில் ஒன்றாகக் கோத்த பின்னல் உள்ள படகானால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு டேட்டா கம்பிகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் இருக்க வேண்டிய டெர்மினேட்டர் என்ற மின்தடை கழன்றிருக்கிறது.

எதைப் போட்டாலும் பட்டை அசையவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஆன்டெனாவும் கேபிளும். உப்புக் காற்றில் இதற்குத்தான் ஆயுள் குறைவு. கூரையில் இருக்கும் அந்தக் காளானைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். குடையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ளே ஈரம் இறங்கியிருக்கும். கனெக்டரைத் திருகி நடு ஊசியைக் கவனியுங்கள். பளபளவென்று இருக்க வேண்டியது பாசி பிடித்த மாதிரிப் பச்சையாகவோ, கறுத்தோ இருந்தால் அங்கேதான் விஷயம். பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும் கனெக்டரில் அந்தியில் காற்று குளிர்ந்ததும் ஈரம் படியும், தொடர்பு விட்டுவிட்டு வரும். பொழுது சாயும்போது போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பதால் கேமராவை மட்டும் தூக்கில் போட்டுவிடாதீர்கள். ஆன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கிக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. பிளாட்டரைப் போட்டுவிட்டு, ஆன்டெனாப் பக்கத்து முனையில் நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே அளந்தால் பெரும்பாலான கருவிகளில் 3-லிருந்து 5 வோல்ட் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது, இல்லையென்றால் பிளாட்டரின் உள்ளே கோளாறு. அப்போது மட்டும் கடைக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அளக்கும்போது மீட்டர் முனையால் இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிடாதீர்கள், நல்ல பிளாட்டரும் போய்விடலாம்.

முதல் இரண்டு தடவை தானாக வந்துவிட்டதே என்ற கேள்வி உங்களுக்கு எழும். இரைச்சல் எல்லைக்கோட்டில் இருக்கும்போது அப்படித்தான் நடக்கும். இடத்தைக் கணிக்க நான்கு செயற்கைக்கோள்களாவது வேண்டும். அவை நிமிடத்துக்கு நிமிடம் வானத்தில் இடம் மாறுகின்றன. தலைக்கு மேலே நல்ல பலத்தோடு இரண்டு வந்து சேர்ந்தால் ரிசீவர் பிழைத்துக்கொள்ளும், அவை சாய்ந்தால் மறுபடி விழும். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் அணைத்ததும் வந்தது என்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிய துப்பு. சூரியனையோ ராணுவத்தையோ உங்கள் பிரேக்கரால் அணைக்க முடியாது.

நண்பர்களுக்காக வானத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். சூரியப் புயல் ஜிபிஎஸ்ஸைப் பாதிக்கும் என்பது உண்மை. 2006 டிசம்பர் 6-ல் சூரியனிலிருந்து கிளம்பிய ரேடியோ வெடிப்பு, பகலாக இருந்த பாதி உலகில் பல ரிசீவர்களைத் தடுமாற வைத்தது. பூமத்தியரேகையை ஒட்டிய கடல்களில் சூரியன் மறைந்த பிறகு, நள்ளிரவு வரைக்கும்கூட, மேல்வளிமண்டலம் கொந்தளித்துச் சிக்னல் நடுங்குவதும் உண்டு. நேரம் உங்கள் புகாரோடு ஒத்துப்போவதால் நண்பர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்போது வானத்தில் திட்டுத் திட்டாகச் சில செயற்கைக்கோள்கள்தான் தடுமாறும். உங்கள் கையில் இருந்த போனும், அக்கம்பக்கத்துப் படகுகளும் அதே நேரத்தில் திணறியிருக்க வேண்டும். போன் நன்றாக இருந்தது. இதை மட்டும் வைத்து வானத்தை முழுதாக விடுதலை செய்ய முடியாது, புது போன்கள் பல நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்கின்றன. அடுத்த தடவை போனைக் கூரை ஆன்டெனாவின் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் பிடித்துப் பாருங்கள். அங்கே அதுவும் திணறி, படகின் வேறு மூலையில் சரியாகிவிட்டால் வழக்கு முடிந்தது.

வேண்டுமென்றே சிக்னலை அடைப்பதும் கற்பனை இல்லை. போர்ப் பதற்றம் உள்ள கடல்களில் இப்போது அன்றாடம் நடக்கிறது. ஆனால் அதற்கு வேறு முகம். வட்டாரத்தில் உள்ள எல்லாப் படகுக்கும் ஒன்றாகப் போகும், விஹெச்எஃப்பில் ஆளாளுக்குக் கேட்டுக்கொள்வார்கள். அடைப்பதைவிட மோசமானது, பொய்ச் சிக்னல் அனுப்பி ஏமாற்றுவது. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே நின்ற கப்பல்களின் திரையில், அவை கரைமேல் உள்ள விமான நிலையம் ஒன்றில் நிற்பதாகக் காட்டியது. விமான நிலையத்தில் கப்பல் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும், உடனே தெரிந்துவிடும். அரை மைல் மட்டும் தள்ளிக் காட்டியிருந்தால்? 2013-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று, உரிமையாளரின் சம்மதத்தோடு, மத்தியதரைக்கடலில் 65 மீட்டர் உல்லாசப் படகை அப்படித்தான் பொய்ச் சிக்னலால் மெதுவாக வழிமாற்றிக் காட்டியது. ஓர் அலாரமும் அடிக்கவில்லை.

தேதி தவறாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது, கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. பழைய கருவிகள் அதில் குழம்பும். உங்களுடையது இப்படி வந்து வந்து போவதால் இது இருக்காது.

இனி நடுக்கடலில் ஜிபிஎஸ் போனால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். காரணம் கண்டுபிடிப்பதைவிட எனக்கு இதில்தான் அதிகக் கவலை. உங்கள் கருவி அலாரம் அடித்தது உங்கள் அதிர்ஷ்டம். 1995 ஜூன் 10-ம் தேதி, பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்த ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் நான்டக்கெட் தீவருகே மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது. காரணம், ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழன்றது. புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே கழன்றுவிட்டது. சிக்னல் போனதும் ரிசீவர் ஒரு நொடி மட்டும் ஒலித்துவிட்டு, கப்பலின் வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்து இடத்தை ஊகிக்கத் தொடங்கியது. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அதைச் சொல்லவும் செய்தது. யாரும் பார்க்கவில்லை. ஆட்டோபைலட் அந்த ஊகத்தை உண்மை என்று நம்பி ஓட்டியது. காற்றும் நீரோட்டமும் ஓரமாகத் தள்ளத் தள்ள, 34 மணி நேரத்தில் கப்பல் ஏறத்தாழ 17 மைல் விலகியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, கரை நிலையங்களின் ரேடியோ சிக்னலை வைத்து இடம் காட்டும் லோரான் கருவி அதே அறையில் வேலை செய்துகொண்டிருந்தது. ஆழம் குறைந்தால் எச்சரிக்கும் அலாரம் 0 மீட்டரில் வைக்கப்பட்டிருந்தது, அதாவது தரை தட்டிய பிறகுதான் கத்தும். பாதையில் பார்த்திருக்க வேண்டிய ஒரு மிதவையைப் பார்க்காத அதிகாரி, பார்த்ததாகக் கேப்டனிடம் சொல்லிவிட்டார்.

ஆகவே அலாரம் அடித்தால் முதல் வேலை, ஆட்டோபைலட்டை டிராக் மோடிலிருந்து ஹெடிங் மோடுக்கு மாற்றுங்கள், அல்லது சுக்கானைக் கையில் எடுங்கள். வரைபடத்தைப் பின்தொடர்வதை விட்டு காம்பஸைப் பின்தொடரட்டும். அடுத்து, கடைசியாகத் தெரிந்த இடம், நேரம், திசை, வேகம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். பிளாட்டரை உடனே அணைத்துப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு, வேண்டாம். முதலில் செயற்கைக்கோள் பக்கத்தைப் போட்டோ எடுங்கள், அதுதான் பின்னால் எங்களைப் போன்றவர்களுக்குத் தடயம். எதெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, கேமரா பிரேக்கரை இறக்கிப் பாருங்கள். நேவிகேஷன் விளக்கை மட்டும் ஜிபிஎஸ்ஸுக்காக அணைத்துவிட்டு இருட்டில் ஓட்டாதீர்கள். உங்கள் இடம் உங்களுக்குத் தெரிவதைவிட நீங்கள் இருப்பது அடுத்த படகுக்குத் தெரிவது முக்கியம்.

இன்னொன்று பலர் மறப்பது. விஹெச்எஃப்பின் சிவப்பு ஆபத்துப் பொத்தான் அனுப்பும் இடத்தகவலும் பெரும்பாலும் இதே ஜிபிஎஸ்ஸிலிருந்துதான் போகிறது. ஜிபிஎஸ் போனதும் ரேடியோ பழைய இடத்தையே வைத்திருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். மெனுவில் போய்க் கையால் இடத்தையும் நேரத்தையும் போட்டு வையுங்கள். ஏஐஎஸ்ஸிலும் உங்கள் படகு மற்றவர் திரையில் ஒழுங்காகத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடார் இருந்தால் கரையின் தூரத்தையும் திசையையும் அது தன் சொந்தக் கண்ணால் பார்த்துச் சொல்லும். எக்கோ சவுண்டர் காட்டும் ஆழத்தை வரைபடத்தின் ஆழக் கோடுகளோடு ஒப்பிட்டாலே எங்கே இல்லை என்பதாவது தெளிவாகும்.

சோதனையில் கேமராவோ விளக்கோ அகப்பட்டால் செலவு பெரிதாக இருக்காது. அதன் சார்ஜரை நல்ல தரமானதாக மாற்றுங்கள், வயரில் இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் கவ்விகளைப் போடுங்கள், முடிந்தால் ஜிபிஎஸ் ஆன்டெனாவை அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். தூரம் இரட்டித்தால் இரைச்சலின் பலம் கால் பங்காகும், பல படகுகளில் இடம் மாற்றிய அன்றே தொல்லை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மாற்றும்போது விஹெச்எஃப் ஆன்டெனாவை ஒட்டியோ, ரேடார் கதிர் சுழலும் உயரத்திலோ வைத்துவிடாதீர்கள். சேட்டிலைட் போன் ஆன்டெனா இருந்தால் அதன் பக்கமும் வேண்டாம், அதன் அலைவரிசை ஜிபிஎஸ்ஸுக்கு அடுத்த வீடு. கனெக்டர் பச்சை பிடித்திருந்தால் சுரண்டிச் சமாளிக்காமல் வெட்டிப் புதிது போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மறுபடி போனால் அந்த நேரத்துப் போட்டோவையும், எரிந்துகொண்டிருந்த கருவிகளின் பட்டியலையும், அப்போது போன் காட்டிய இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை புது பிளாட்டருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.